பாட்டிலில் எச்சரிக்கை, பள்ளி விதியில் மௌனம்
செயற்கை இனிப்பூட்டிகள்: சர்க்கரைக்குக் கதவடைத்த சட்டம் மறந்த ஜன்னல்

மயூர் விஹார் (புது தில்லி):

யமுனைக்குக் கிழக்கே உள்ள மயூர் விஹார் முதல் பகுதியில் பள்ளிகள் விடும் நேரம். குடியிருப்புச் சங்கங்களின் வாயில்களில் பள்ளிப் பேருந்துக்காகத் தாத்தா, பாட்டிமார் காத்து நிற்கின்றனர். கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம் ஆகிய இடங்களிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன் இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் மூத்தவர்களும் அவர்களில் உண்டு. பேருந்தில் செல்லாத மாணவர்களோ பள்ளி வாசலிலிருந்து நேராக அருகிலுள்ள கடைவரிசைக்கு நடக்கின்றனர்.

அந்தக் கடைகளில் ஒன்றின் குளிர்பதனப் பெட்டியில், கண்ணுக்கு எதிரே முதல் அடுக்கில் இருப்பவை சிறிய பாட்டில்கள். விலை பத்து ரூபாய். முகப்பில் பெரிய எழுத்தில் "சர்க்கரை இல்லை" என்ற பொருள்படும் ஆங்கில வாசகம். பாட்டிலைத் திருப்பினால், படிக்கக் கண்ணாடி தேவைப்படும் அளவில் இன்னொரு வாசகம்: இதில் செயற்கை இனிப்பூட்டி உள்ளது, குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

முகப்பில் இருப்பதைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். பின்புறம் இருப்பதை யாரும் படிப்பதில்லை. இந்த இரு வாசகங்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் இன்று பள்ளி உணவு விதிகளில் உள்ள சிக்கலின் அளவு எனலாம். குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அரசே எழுதச் சொன்ன ஒரு பொருளைப் பள்ளியில் விற்கக் கூடாது என்று அதே அரசின் பள்ளி விதி வெளிப்படையாகச் சொல்லவில்லை.

500 கெஜம் 50 மீட்டர் ஆன கதை

பள்ளிகளில் நொறுக்குத் தீனிக்கு எதிரான சட்டப் போராட்டம் தில்லியில்தான் தொடங்கியது. 2010-ம் ஆண்டு, உதய் அறக்கட்டளை என்ற தன்னார்வ அமைப்பு தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. பள்ளிகளிலும் அவற்றைச் சுற்றி 500 கெஜ தூரத்துக்குள்ளும் நொறுக்குத் தீனிகளையும் வாயு நிரப்பிய குளிர்பானங்களையும் விற்கத் தடை விதிக்க வேண்டும் என்பது அதன் கோரிக்கை.

ஐந்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2015-ம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பு வழங்கிய உயர் நீதிமன்றம், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தயாரித்திருந்த வழிகாட்டு நெறிகளுக்கு மூன்று மாதங்களுக்குள் சட்ட வடிவம் கொடுக்குமாறு உத்தரவிட்டது. 2016 ஜனவரியில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் (சிபிஎஸ்இ) தன் பங்குக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்கள் பள்ளி உணவகத்திலும் 200 மீட்டர் சுற்றளவிலும் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு பள்ளிகளை அது கேட்டுக்கொண்டது.

மூன்று மாதங்களில் வர வேண்டிய விதிகள் 2020-ம் ஆண்டு செப்டம்பரில்தான் அரசிதழில் வெளியாயின. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான உணவு மற்றும் சரிவிகித உணவு குறித்த இந்த விதிகளின்படி, தடை செய்யப்பட்ட பண்டங்களைப் பள்ளி உணவகத்திலோ, விடுதிச் சமையலறையிலோ, பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது. இலவசமாக வழங்கவும், வளாகத்தில் விளம்பரம் செய்யவும் கூடாது. இதை அறிவிக்கும் பலகையைப் பள்ளி வாசலில் வைக்க வேண்டும்.

மனுதாரர் கேட்டது 500 கெஜம். கல்வி வாரியம் சொன்னது 200 மீட்டர். விதியில் இடம்பெற்றது 50 மீட்டர். புகையிலைப் பொருள்களுக்குக் கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத் தடை 2003-ம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. உணவுக்கான தடை அதிலும் ஏறத்தாழ பாதி தூரமே.

மயூர் விஹாரில் ஒரு பள்ளி வாசலிலிருந்து நடந்து பார்த்தால், ஐம்பது மீட்டர் என்பது அறுபது, எழுபது அடிகளில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு கடைவீதி என்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட பகுதி இது. எல்லையைத் தாண்டி அடுத்த அடியிலேயே கடை வந்துவிடும்.

நால்வகையில் சேராத ஐந்தாவது

தூரம் ஒரு குறை என்றால், வரையறை மற்றொரு குறை. விதியில் தடைக்கு அடிப்படையாக நான்கு பொருள்கள் கூறப்பட்டுள்ளன. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவையே அவை. இவற்றில் ஏதேனும் ஒன்று மிகுந்திருந்தால் அந்தப் பண்டம் பள்ளிக்குள் வரக் கூடாது.

சர்க்கரையை முற்றிலும் நீக்கிவிட்டு, அதன் இடத்தில் அஸ்பார்டேம், சுக்ரலோஸ், அசெசல்ஃபேம் பொட்டாசியம் போன்றவற்றைச் சேர்த்த குளிர்பானத்தில் இந்நான்கில் எதுவும் மிகுந்திருக்காது. கொழுப்பு இல்லை, சர்க்கரை இல்லை, சோடியமும் சொற்பம். எனவே விதியின் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு அதைத் தடுப்பது ஓர் ஆய்வாளருக்குக் கடினம். விளம்பரத் தடையும் இதே வரையறையைச் சார்ந்தே நிற்கிறது.

2025-ம் ஆண்டு மே மாதம் சிபிஎஸ்இ தனது பள்ளிகளில் "சர்க்கரைப் பலகை" வைக்குமாறு உத்தரவிட்டது. நான்கு முதல் பத்து வயதுக் குழந்தைகள் அன்றாடம் பெறும் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயது வரையிலானவர்கள் பெறுவதில் 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகிறது, பரிந்துரைக்கப்பட்ட அளவோ 5 சதவீதம் என்று வாரியம் அப்போது சுட்டிக்காட்டியது. எந்தப் பானத்தில் எத்தனை கரண்டிச் சர்க்கரை என்பதை மாணவர்கள் கண்ணால் காண வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். சாதாரண கோலா பானம் ஒன்றில் 250 மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 26 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கும் அதிகமான சர்க்கரை இருப்பதை அந்தப் பலகை காட்டும்.

அதே பலகையில் "சர்க்கரை இல்லா" பானத்துக்கு எதிரே பூஜ்யம் என்று எழுத வேண்டியிருக்கும். அதைப் பார்க்கும் பத்து வயது மாணவன் எந்த முடிவுக்கு வருவான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய குளிர்பான நிறுவனங்கள் சர்க்கரை இல்லா வகைகளைப் பத்து ரூபாய் பாட்டில்களில் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே 2025-ம் ஆண்டில்தான். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் நடுத்தர வயதினருக்கான பொருளாக, கூடுதல் விலையில் விற்றுவந்த ஒன்று, மாணவரின் சட்டைப் பைக்கு எட்டும் விலைக்கு இறங்கிவிட்டது.

சாக்கரின் ஐஸ் நினைவிருக்கிறதா?

தமிழ்நாட்டில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குச் செயற்கை இனிப்பூட்டி புதிய செய்தி அல்ல. பள்ளிக்கூட வாசலில் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் வரும் குச்சி ஐஸைப் பற்றி வீட்டில் ஓர் எச்சரிக்கை உண்டு: "அது சாக்கரின் போட்டது, வாங்காதே." 1879-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட சாக்கரின், சர்க்கரையைப் போல ஏறத்தாழ 300 மடங்கு இனிப்பது. சிறிதளவே போதும் என்பதால் செலவும் குறைவு. எனவே சாக்கரின் என்றால் மலிவு, கலப்படம் என்ற எண்ணம் வீடுகளில் ஊறியிருந்தது.

சட்டமும் அன்று அதே கண்ணோட்டத்தில்தான் இருந்தது. 1955-ம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடை விதிகளில் 47-வது விதி, செயற்கை இனிப்பூட்டிகளைப் பொதுவாகத் தடை செய்து, குறிப்பிட்ட சில பண்டங்களுக்கு மட்டும் அனுமதி அளித்தது. பின்னர் அனுமதிப் பட்டியல் நீண்டது. பானங்கள், இனிப்பு வகைகள், சூயிங்கம், பிஸ்கெட் என்று பல பண்டங்களுக்கு இனிப்பூட்டிகள் அனுமதிக்கப்பட்டன. பான் மசாலாவிலும் பாக்குப் பொட்டலத்திலும் சாக்கரினுக்கு இடம் தரப்பட்டது.

அனுமதியை விரிவாக்கிய அரசு, அதற்கு ஈடாக எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. இனிப்பூட்டியின் பெயர், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற குறிப்பு, அஸ்பார்டேம் இருந்தால் ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவி வளர்சிதைக் குறைபாடு உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்ற குறிப்பு ஆகியவை அவை. 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இவை இடம்பெற்றன. ஆக, குழந்தைகளையும் இனிப்பூட்டியையும் விலக்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. அது பாட்டிலின் பின்புறத்தோடு நின்றுவிட்டது என்பதுதான் குறை.

அறிவியல் சொல்வது என்ன?

இனிப்பூட்டிகள் விஷம் என்று கூறுவது அறிவியலுக்குப் பொருந்தாது. 2023-ம் ஆண்டு ஜூலையில், உலக சுகாதார அமைப்பின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை "மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளது" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. சான்றுகள் குறைவாக உள்ளபோது பயன்படுத்தப்படும் பிரிவு அது. அதே நாளில், உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லி கிராம் வரை அஸ்பார்டேம் உட்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது.

இந்த வரம்பை விளக்க அப்போது சொல்லப்பட்ட உதாரணம் 70 கிலோ எடையுள்ள பெரியவருடையது. ஒரு கேன் பானத்தில் 200 முதல் 300 மில்லி கிராம் அஸ்பார்டேம் இருப்பதாகக் கொண்டால், அவர் வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேன்களுக்கு மேல் குடிக்க வேண்டும். இதையே 20 கிலோ எடையுள்ள, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கணக்கிட்டால் வரம்பு 800 மில்லி கிராம். அதாவது ஏறத்தாழ மூன்று முதல் நான்கு கேன்கள். அத்தனையும் ஒரு குழந்தை குடித்துவிடாது என்பது உண்மை. ஆனால் பெரியவருக்கு எட்டாத தொலைவில் உள்ள வரம்பு, குழந்தைக்கு அத்தனை தொலைவில் இல்லை. பானம் மட்டுமன்றி மிட்டாய், சூயிங்கம், ஜெல்லி ஆகியவற்றிலும் இனிப்பூட்டி இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பள்ளிகளைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது, 2023 மே மாதம் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட மற்றொரு வழிகாட்டுதல். உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ, தொற்றா நோய்களின் அபாயத்தைக் குறைக்கவோ சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை ஒரு வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அது பரிந்துரைத்தது. அவற்றால் நீண்டகால அடிப்படையில் உடல் கொழுப்பு குறைவதாகச் சான்று இல்லை என்பது அதன் முடிவு. பெரியவர்கள், குழந்தைகள் இரு தரப்புக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தாது. இளம் வயதிலேயே உணவில் ஒட்டுமொத்த இனிப்புச் சுவையைக் குறைத்துப் பழக வேண்டும் என்பதே அந்த அமைப்பின் அறிவுரை.

சுக்ரலோஸ் சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பது. அந்த இனிப்புக்குப் பழகிய நாவுக்கு மோரும் கொய்யாப்பழமும் சப்பென்று இருப்பதில் வியப்பில்லை. கலோரி பூஜ்யமானாலும், இனிப்பின்மீதான நாட்டம் பூஜ்யமாவதில்லை.

மறுதரப்பின் வாதம்

இனிப்பூட்டிக்கு ஆதரவான வாதங்களையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2016 முதல் 2018 வரை நடத்தப்பட்ட தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வின்படி, நாட்டில் பள்ளி வயதுச் சிறுவர்களிலும் வளரிளம் பருவத்தினரிலும் சுமார் 10 சதவீதத்தினர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தனர். இந்நிலையில் ஐந்து கரண்டிச் சர்க்கரையைவிட ஒரு சிட்டிகை இனிப்பூட்டி மேல் அல்லவா என்ற கேள்வி நியாயமானது. இனிப்பூட்டி பற்களைச் சொத்தையாக்குவதில்லை. முதல் வகை நீரிழிவால் பாதிக்கப்பட்டு இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு சிறுமிக்கு, தோழிகளுடன் சேர்ந்து குடிக்க அந்தப் பாட்டில் மட்டுமே வழி என்றும் ஆகலாம்.

இதற்கான பதில் பள்ளி என்ற இடத்தின் தன்மையில் உள்ளது. பள்ளி உணவகத்தில் தேர்வு என்பது சர்க்கரைப் பானமா, இனிப்பூட்டிப் பானமா என்ற இரண்டுக்குள் அடங்க வேண்டியதில்லை. தண்ணீர், மோர், பால், எலுமிச்சைச் சாறு, பழம் என்று மூன்றாவது தேர்வை வைப்பது பள்ளியின் கையில் இருக்கிறது. மருத்துவக் காரணம் உள்ள குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவருவதை எந்த விற்பனைத் தடையும் தடுப்பதில்லை. கட்டுப்பாடு விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் உரியது.

சிலி காட்டிய பாதை, மெக்சிகோ எடுத்த முடிவு

இந்தச் சிக்கலைச் சந்தித்த முதல் நாடு இந்தியா அல்ல. தென் அமெரிக்காவில் சிலி நாடு 2016-ம் ஆண்டு கடுமையான சட்டம் ஒன்றை நடைமுறைப்படுத்தியது. சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை மிகுந்த பண்டங்களின் முகப்பில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை. அத்தகைய பண்டங்களுக்குப் பள்ளிகளில் தடை. மக்கள் வாங்கும் பானங்களில் சர்க்கரை குறைந்தது. கூடவே இனிப்பூட்டிகளின் பயன்பாடு அதிகரித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். சட்டத்தில் சர்க்கரைக்கு முத்திரை இருந்தது, இனிப்பூட்டிக்கு இல்லை. தொழில் துறை சட்டம் விட்ட வழியில் சென்றது.

அந்த அனுபவம் மெக்சிகோவுக்கு உதவியது. 2020-ம் ஆண்டு முதல் அங்கு, இனிப்பூட்டி உள்ள பொட்டலத்தின் முகப்பிலேயே, "இனிப்பூட்டிகள் உள்ளன, குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை" என்ற வாசகம் கட்டாயம். 2025 மார்ச் 29 முதல் பள்ளிகளில் நொறுக்குத் தீனித் தடை நடைமுறைக்கு வந்தபோது, இந்த வாசகம் தாங்கிய பண்டங்களும் அதற்குள் அடங்கின. அர்ஜென்டினாவின் 2021-ம் ஆண்டுச் சட்டமும் இதே வழியைப் பின்பற்றுகிறது.

மெக்சிகோவின் எச்சரிக்கை வாசகமும் இந்தியாவின் வாசகமும் பொருளில் ஒன்றே. அங்கு அது பாட்டிலின் முகப்பில் உள்ளது; பள்ளி வாசலில் செல்லுபடியாகிறது. இங்கு பாட்டிலின் முதுகில் உள்ளது. பள்ளி வாசலில் அதற்கு வேலை இல்லை. முகப்பு எச்சரிக்கை குறித்த பரிந்துரைகளை இறுதி செய்யுமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் அளித்து, பின்னர் அதை நீட்டித்தது. அந்த விவாதத்திலும் பேச்செல்லாம் சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகிய மூன்றைச் சுற்றியே உள்ளது.

நிதி அமைச்சகத்துக்குத் தெரிந்தது

சர்க்கரையையும் இனிப்பூட்டியையும் ஒன்றாகக் கருதுவது இந்திய அரசுக்குப் புதிய யோசனையும் அல்ல. சரக்கு மற்றும் சேவை வரியின் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும். "சர்க்கரை அல்லது வேறு இனிப்பூட்டும் பொருள் சேர்த்த" வாயுப் பானங்கள் என்பதே அங்குள்ள விவரிப்பு. 2017 ஜூலையில் இவற்றுக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத இழப்பீட்டுத் தீர்வையும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் தீர்வை நீங்கி, வரியே 40 சதவீதமானது. சர்க்கரை இருந்தாலும், அஸ்பார்டேம் இருந்தாலும் வரி ஒன்றுதான்.

வரி வசூலிக்கும் துறை தன் விவரிப்பில் அடைத்த ஓட்டையைச் சுகாதாரத் துறையின் விதி திறந்தே வைத்திருக்கிறது. "அல்லது வேறு இனிப்பூட்டும் பொருள்" என்ற சில சொற்களைப் பள்ளி உணவு விதியிலும் சேர்த்தால் பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மேஜையில் வைக்கப்படும் தாள்கள்

குளிர்பானங்கள் நாடாளுமன்றத்தை உலுக்கிய காலம் ஒன்று உண்டு. 2003 ஆகஸ்டில், அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்ததைத் தொடர்ந்து, சரத் பவார் தலைமையில் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. போஃபர்ஸ் பேரத்துக்கும் பங்குச் சந்தை ஊழல்களுக்கும் பிறகு அமைக்கப்பட்ட நான்காவது கூட்டுக் குழு அது. பொது சுகாதாரப் பிரச்சினைக்காக அமைக்கப்பட்ட முதல் குழு. 2004 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில், மையத்தின் கண்டறிதல் சரியே என்று குழு கூறியது. பல்வேறு உணவுச் சட்டங்களை ஒன்றாக்கிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006-ல் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் கீழ் ஆணையம் உருவாக்கும் ஒவ்வொரு விதியும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்பட வேண்டும். முப்பது நாள் கூட்டக் காலத்துக்குள் அவைகள் விரும்பினால் அதைத் திருத்தலாம், நிராகரிக்கவும் செய்யலாம். நடைமுறையில், கேள்வி நேரம் முடிந்ததும் அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து மேஜைமீது வைப்பதாகக் கூறும் தாள்களுள் ஒன்றாக இத்தகைய விதிகள் சில விநாடிகளில் கடந்துபோகின்றன. அவற்றை எடுத்துப் படித்துத் திருத்தம் கோரும் உறுப்பினர்கள் அரிது.

விதியைத் திருத்தப் புதிய சட்டம் தேவையில்லை. ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, அரசிதழில் அறிவித்தால் போதும். செய்ய வேண்டியவை மூன்று. பள்ளி விதியின் வரையறையில் இனிப்பூட்டியைச் சேர்ப்பது முதலாவது. எச்சரிக்கை வாசகத்தைப் பாட்டிலின் முகப்புக்குக் கொண்டுவருவது இரண்டாவது. சர்க்கரைப் பலகையில் இனிப்பூட்டிக்கும் ஒரு வரி ஒதுக்குவது மூன்றாவது. கடைசியாகக் கூறியதற்கு அரசிதழ்கூடத் தேவையில்லை; ஒரு தலைமை ஆசிரியரும் ஒரு சாக்பீஸ் துண்டும் போதும்.

அதுவரை இந்த வேலை பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தாத்தா, பாட்டிமாரிடம்தான் இருக்கிறது. "சாக்கரின் ஐஸ் வாங்காதே" என்று தம் பிள்ளைகளிடம் ஒரு காலத்தில் சொன்னவர்கள் அவர்கள். பேரன் நீட்டும் பத்து ரூபாய் பாட்டிலை ஒருமுறை திருப்பிப் பார்த்தால், அன்று சொன்னதையே இன்று அரசு சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை அவர்கள் காணலாம்.